அறுபத்தைந்தைத் தாண்டிய ஆண்களுக்கு எந்த ரத்தப் பரிசோதனை? இதய ஆபத்தைக் கணிக்கும் குறியீடுகள் ஓர் ஒப்பீடு

அப்பாவுக்கு 68 வயது. பிரஷருக்கு ஒரு மாத்திரை போடுகிறார். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு எதுவும் இல்லை. லேப் அனுப்பும் விலைப்பட்டியலில் சாதாரணக் கொழுப்புப் பரிசோதனை சில நூறு ரூபாய்க்கு இருக்கிறது. ‘அட்வான்ஸ்டு கார்டியாக்’ பேக்கேஜ் பல ஆயிரம் கேட்கிறது. எதை எடுப்பது? வாசகர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. பேக்கேஜில் உள்ளவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே பேசுவது அறிகுறி இல்லாதவர்களைப் பற்றி மட்டுமே. நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, திடீர் மூச்சுத்திணறல் இருந்தால் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவருக்காகக் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து இ.சி.ஜி. எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள் போதும்.

1. வயது, புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவை ஏற்கெனவே சொல்லிவிட்டதற்கு மேல் இந்தப் பரிசோதனை புதிதாக எதையாவது சொல்கிறதா?
2. முடிவைப் பார்த்த பின் சிகிச்சை மாறுமா? எண் எப்படி வந்தாலும் அதே மாத்திரைதான் என்றால் அந்தப் பணம் வீண்.
3. இதயத்துக்குச் சம்பந்தமில்லாத காரணங்களால் எண் எவ்வளவு ஆடும்?
4. பரிசோதனைக் கட்டணம் போக, அது இழுத்துவரும் செலவு என்ன?
5. ஒருமுறை போதுமா, மீண்டும் மீண்டும் எடுக்க வேண்டுமா?

இவற்றில் இரண்டாவதுதான் எங்களுக்கு முக்கியம். பேக்கேஜ் விற்பவர்கள் அதிகம் பேசாத கேள்வியும் அதுவே.

முதல் கேள்விக்கும் முதியவர்களிடம் தனிக் கனம் உண்டு. ஆபத்தைக் கணக்கிடும் வாய்ப்பாடுகளில் வயதின் பங்கு மிகப் பெரியது. எழுபதைத் தொட்ட ஆண் புகைக்காவிட்டாலும், கொழுப்பு சரியாக இருந்தாலும், பல கணிப்பான்கள் அவரை ‘அதிக ஆபத்து’ வரிசையில்தான் நிறுத்தும். ஐரோப்பியர்கள் எழுபதைக் கடந்தவர்களுக்கென்றே ஸ்கோர்2-ஓ.பி. என்ற தனிக் கணிப்பானை 2021-இல் கொண்டுவந்தார்கள். ஆனால் அது ஐரோப்பிய மக்கள்தொகைக்காகச் சீர்செய்யப்பட்டது. பிரிட்டனின் கியூ-ரிஸ்க்3-இல் இந்திய வம்சாவளியைத் தனியே குறிப்பிடும் வசதி இருக்கிறது. 84 வயது வரை பயன்படும். அதுவும் பிரிட்டனில் வாழ்பவர்களின் தரவுதான். எனவே கணிப்பான் தரும் சதவீதத்தைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

## காரணத்தைக் காட்டுபவை, சேதத்தைக் காட்டுபவை

ரத்தக் குறியீடுகள் இரண்டு வகை. கொழுப்பு, அப்போ பி, எல்.பி. லிட்டில் ஏ போன்றவை ரத்தக்குழாயைக் கெடுக்கும் காரணிகள். என்.டி.-ப்ரோ பி.என்.பி., ட்ரோபோனின், சிஸ்டாட்டின் சி ஆகியவை இதயமும் சிறுநீரகமும் ஏற்கெனவே எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் காட்டுபவை. கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று, சுவர் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று தட்டிப் பார்ப்பது இன்னொன்று.

முதிய ஆண்களிடம் இரண்டாவது வகை நன்றாகக் கணிக்கிறது. இதற்கு நல்ல சான்று சுவீடனின் உப்சாலா நகரிலிருந்து வந்தது. 1920 முதல் 1924 வரை பிறந்த ஆண்களை 1970-இலிருந்து தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு அது. அவர்களில் சராசரியாக 71 வயதான 1,135 பேரிடம் ட்ரோபோனின் ஐ, என்.டி.-ப்ரோ பி.என்.பி., சிஸ்டாட்டின் சி, உடலின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ஆகிய நான்கையும் அளந்து, சுமார் பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அதற்குள் 315 பேர் இறந்தார்கள். அவர்களில் 136 பேர் இதய, ரத்தக்குழாய் நோயால். யாருக்கு ஆபத்து அதிகம் என்று பிரித்துச் சொல்லும் திறனை 0.5 முதல் 1 வரை அளப்பார்கள், 0.5 என்றால் நாணயம் சுண்டுவது, 1 என்றால் பிழையே இல்லாதது. வழக்கமான காரணிகளை மட்டும் வைத்தபோது அது 0.664. நான்கு குறியீடுகளையும் சேர்த்தபோது 0.766. ஆரம்பத்தில் இதயநோய் இல்லாத 661 பேரிடம் மட்டும் பார்த்தபோது 0.688-லிருந்து 0.748. 2008-இல் வெளியான முடிவு இது.

இதற்கு இரண்டு ஆண்டு முன்பு அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வில் சராசரி 59 வயதுடைய 3,209 பேரிடம் பத்துக் குறியீடுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கணிப்பு கொஞ்சம்தான் மேம்பட்டது. இரண்டும் வேறு வேறு மக்கள், அளந்த விளைவுகளும் ஒன்றல்ல. என்றாலும் வயது ஏறி, உறுப்புகளில் தேய்மானம் கூடும்போதுதான் சேதக் குறியீடுகள் அதிகம் பேசத் தொடங்குகின்றன என்ற விளக்கம் பொருந்துகிறது.

ஆனால் நன்றாகக் கணிக்கும் குறியீட்டுக்கு நேரடி மருந்து இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கொழுப்புக்கு மாத்திரை இருக்கிறது. சிஸ்டாட்டின் சி-யைக் குறைக்க மாத்திரை கிடையாது. இந்த முரண்தான் தேர்வைக் கடினமாக்குகிறது.

## சாதாரணக் கொழுப்புப் பரிசோதனை

மலிவு, எங்கும் கிடைக்கும், அரசு மருத்துவமனையில் கட்டணமில்லை. எண்ணைப் பார்த்துச் சிகிச்சையும் மாறும். எனவே எல்லோருக்கும் முதல் படி இதுவே.

பிழை வருவது அறிக்கையைப் படிப்பதில்தான். பல லேப்கள் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொழுப்பிலிருந்து ஹெச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பையும் டிரைகிளிசரைடின் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துச் சொல்கின்றன. ஒருவருக்கு மொத்தம் 190, ஹெச்.டி.எல். 38, டிரைகிளிசரைடு 260 என்று வைத்துக்கொள்வோம். 190 − 38 − 52 = 100. ‘எல்.டி.எல். 100தானே’ என்று நிம்மதி வரும். ஹெச்.டி.எல். அல்லாத கொழுப்பைப் பாருங்கள்: 190 − 38 = 152. எல்.டி.எல். இலக்குடன் 30-ஐக் கூட்டினால் இதற்கான இலக்கு வரும், எல்.டி.எல். இலக்கு 100 என்றால் இது 130-க்குள் இருக்க வேண்டும். 152 அதைத் தாண்டிவிட்டது. டிரைகிளிசரைடு ஏறியும் ஹெச்.டி.எல். இறங்கியும் இருப்பது நம்மவர்களிடம் சாதாரணம் என்பதால், காசு செலவில்லாத இந்தக் கழித்தலைச் செய்யாமல் விடாதீர்கள். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்த எல்.டி.எல். கணக்கையே நம்ப முடியாது. வெறும் வயிற்றில் மீண்டும் எடுக்க வேண்டும்.

முதியவர்களிடம் இன்னொரு சிக்கல். மருந்தோ உணவு மாற்றமோ இல்லாமல் கொழுப்பு திடீரென்று இறங்கியிருந்தால் அது நல்ல சேதியாக இருக்கவேண்டும் என்பதில்லை. எடை குறைவு, புற்றுநோய், கல்லீரல் கோளாறு, தைராய்டு அதிகமாகச் சுரப்பது ஆகியவற்றிலும் கொழுப்பு இறங்கும். ‘வயதானவர்களுக்குக் கொழுப்பு ஒன்றும் செய்யாது’ என்ற பேச்சு பரவியதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம். டென்மார்க்கின் கோபன்ஹேகன் மக்களிடம் நடத்தி 2020-இல் வெளியான ஆய்வில், எழுபதைக் கடந்தவர்களிடமும் எல்.டி.எல். கூடக்கூட மாரடைப்பு கூடியது.

## அப்போ பி

ரத்தக்குழாய்ச் சுவரில் புகும் கொழுப்புத் துகள் ஒவ்வொன்றிலும் ஓர் அப்போ பி புரதம் இருக்கும். எனவே இதை அளந்தால் கொழுப்பின் எடைக்குப் பதிலாகத் துகள்களின் எண்ணிக்கை தெரியும். சர்க்கரை, தொப்பை, அதிக டிரைகிளிசரைடு உள்ளவர்களுக்கு எல்.டி.எல்.-ஐவிட நம்பகமானது; சாப்பிட்டுவிட்டும் எடுக்கலாம். ஐரோப்பிய வழிகாட்டியின் இலக்கு, மிக அதிக ஆபத்துள்ளவர்களுக்கு டெசிலிட்டருக்கு 65 மி.கி.-க்குள், அதிக ஆபத்துக்கு 80-க்குள்.

ஹெச்.டி.எல். அல்லாத கொழுப்பும் ஏறக்குறைய இதே சேதியைத்தான் சொல்கிறது. கையில் பணம் குறைவு என்றால் இதை விட்டுவிடலாம்.

## எல்.பி. லிட்டில் ஏ

எல்.டி.எல். போன்ற ஒரு கொழுப்புத் துகள் இது. மேலே சொன்ன காரணக் குறியீடுகளில் பேக்கேஜ் இல்லாமல் தனியாகக் கேட்டு எடுக்கத் தகுந்தது இதுதான். அளவைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிப்பதால் வாழ்நாளில் ஒருமுறை எடுத்தால் பொதுவாகப் போதும். டெசிலிட்டருக்கு 50 மி.கி. அல்லது லிட்டருக்கு 125 நானோமோல் தாண்டினால் ஆபத்து அதிகம்; உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அப்படி இருக்கிறது. இரண்டு அலகுகளும் ஒன்றுக்கொன்று எளிதாக மாற்றக்கூடியவை அல்ல. லேப் எந்த அலகில் தருகிறதோ அதற்குரிய எல்லையோடுதான் ஒப்பிட வேண்டும்.

பட்டியலில் ‘அப்போ ஏ1’ என்று இருப்பதை இதுதான் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் பலர். அப்போ ஏ1 என்பது நல்ல கொழுப்பின் புரதம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை இதைக் குறைக்காது. பிறகு எதற்கு எடுப்பது? எண் உயர்ந்திருந்தால் எல்.டி.எல்., ரத்த அழுத்தம், புகை ஆகியவற்றில் மருத்துவர் கடுமையான இலக்கு வைப்பார். ஸ்டாட்டின் தொடங்கலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருக்கும் 66 வயதுக்காரருக்கு இது முடிவைத் தள்ளிவிடும். அதைவிடப் பெரிய பயன், அப்பாவுக்கு அதிகம் என்று தெரிந்தால் நாற்பதில் இருக்கும் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ளலாம். 85 வயதில், ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்து ஸ்டாட்டின் போடுபவருக்கு இதனால் அவருடைய சிகிச்சையில் பெரிதாக எதுவும் மாறாது.

## ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி.

உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டுவது. லிட்டருக்கு 1 மி.கி.-க்குக் கீழ் என்றால் ஆபத்து குறைவு, 3-க்கு மேல் அதிகம். 2008-இன் ஜூப்பிட்டர் ஆய்வு இதற்குப் புகழ் சேர்த்தது. எல்.டி.எல். 130-க்குக் கீழும் இந்த எண் 2-ஓ அதற்கு மேலோ இருந்த 17,802 பேரில் ரோசுவாஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட நிகழ்வுகள் 44 சதவீதம் குறைந்தன. அதில் 50 வயதைக் கடந்த ஆண்களும் 60 வயதைக் கடந்த பெண்களும் சேர்க்கப்பட்டார்கள்.

ஆனால் மூன்றாவது கேள்வியில் இது தடுமாறுகிறது. சளி, ஈறு வீக்கம், மூட்டுவாதம், சிறுநீர்த் தொற்று, சிக்குன்குனியாவுக்குப் பின் மாதக்கணக்கில் நீளும் மூட்டுவலி, எதுவும் எண்ணை ஏற்றிவிடும். எழுபது வயதில் இவற்றில் ஒன்றாவது இல்லாதவர் அரிது. 10-ஐத் தாண்டினால் இதயக் கணக்கில் சேர்க்காமல், காரணத்தைத் தேடிவிட்டு இரண்டு வாரம் கழித்து மீண்டும் எடுக்க வேண்டும். சாதாரண சி.ஆர்.பி. எடுத்துவிட்டு ‘5-க்குக் கீழ்’ என்று வந்த அறிக்கையால் இந்தக் காரியத்துக்குப் பயனில்லை. ‘ஹை சென்சிடிவிட்டி’ என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

இதன் மறைமுகச் செலவுதான் கவலைக்குரியது. சிவப்பில் அச்சான எண்ணைப் பார்த்துப் பயந்து, மருந்துக் கடையில் தாமாகவே ஆஸ்பிரின் வாங்கிப் போடத் தொடங்குகிறார்கள். 2018-இல் வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வில், பெரும்பாலும் எழுபதைக் கடந்த, இதயநோய் இல்லாத 19,114 பேரிடம் தினம் 100 மி.கி. ஆஸ்பிரின் இதய நிகழ்வுகளைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. பெரிய ரத்தக்கசிவை அதிகரித்தது.

## என்.டி.-ப்ரோ பி.என்.பி.

இதயத் தசை இழுபடும்போது வெளிவருவது. மாரடைப்பைவிட இதயச் செயலிழப்பைக் கணிப்பதில் வலுவானது. பிரஷரும் சர்க்கரையும் பல ஆண்டுகளாக இருப்பவருக்கு, சேதக் குறியீடுகளில் ஒன்றை மட்டும் எடுக்கலாம் என்றால் நாங்கள் இதைத்தான் சொல்வோம். காரணம், இரண்டாவது கேள்விக்கு இதனிடம் பதில் இருக்கிறது. மில்லிலிட்டருக்கு 125 பிகோகிராமைத் தாண்டினால் எக்கோ எடுப்பார்கள். பிரஷர் மாத்திரைகளின் தேர்வு மாறும். சர்க்கரை உள்ளவருக்கு டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் வகை மருந்தை யோசிப்பார்கள். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2022 அறிக்கை, சர்க்கரை நோயாளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது இதை அல்லது உயர்திறன் ட்ரோபோனினைப் பார்க்கச் சொல்கிறது. பான்டியாக் என்ற 2013 ஆய்வில் எண் 125-க்கு மேலிருந்த 300 சர்க்கரை நோயாளிகளில், மருந்தைத் தீவிரமாக்கிய பிரிவில் இதய நிகழ்வுகள் தெளிவாகக் குறைந்தன. சிறிய ஆய்வுதான், ஆனால் எண்ணை வைத்துச் சிகிச்சையை மாற்றிப் பலன் பார்த்த அரிய ஆய்வு.

எண்ணை ஆட்டுபவை: வயது கூடினாலே ஏறும், சிறுநீரகம் மந்தமானால் ஏறும், ஒழுங்கற்ற இதயத்துடிப்பில் நன்றாகவே ஏறும். உடல் பருமனில் இறங்கித் தவறான தைரியம் தரும். 78 வயதுக்காரருக்கு 180 வந்தால் அது நோய் என்று சொல்லிவிட முடியாது. 60 வந்தால் அது நல்ல சேதி. வயது ஏற ஏறத் தாழ்ந்த எண்ணுக்குத்தான் மதிப்பு அதிகம்.

பி.என்.பி. என்பது வேறு பரிசோதனை. இரண்டின் எண்களையும் ஒப்பிடக் கூடாது. இதயச் செயலிழப்புக்கு சாக்குபிட்ரில்-வால்சார்டன் மாத்திரை போடுபவருக்கு பி.என்.பி. ஏறித் தோன்றும், அவருக்கு என்.டி.-ப்ரோ வகையே பொருந்தும்.

## உயர்திறன் ட்ரோபோனின்

இதயத் தசை பாதிக்கப்படும்போது ரத்தத்தில் கசியும் புரதம் ட்ரோபோனின். மாரடைப்பைக் கண்டறியப் பிறந்த பரிசோதனை. நவீனக் கருவிகள் மிக நுண்ணிய அளவையும் காட்டுவதால் வருங்கால ஆபத்தைக் கணிக்கவும் பயன்படுத்துகிறார்கள். அபாட் நிறுவனத்தின் ட்ரோபோனின் ஐ முறையில், அறிகுறியற்ற ஆண்களுக்கு லிட்டருக்கு 6 நானோகிராமுக்குக் கீழ் குறைந்த ஆபத்து, 12-க்கு மேல் அதிக ஆபத்து. ட்ரோபோனின் டி-க்கு எல்லைகள் வேறு.

கணிக்கும் திறன் உண்மையிலேயே நல்லது. ஆனால் இது இழுத்துவரும் செலவு மற்ற எதையும்விடப் பெரியது. நீண்டகாலப் பிரஷரால் தடித்த இதயச் சுவர், சிறுநீரகக் கோளாறு, வால்வு சுருக்கம் உள்ள முதியவர்களுக்கு இந்த எண் எப்போதுமே சற்று உயர்ந்திருக்கும். அறிக்கையைப் பார்த்த குடும்பம் இரவோடு இரவாக அவசர சிகிச்சைக்கு ஓடும். அங்கே அனுமதி, ஆஞ்சியோ என்று லட்சக்கணக்கில் போகலாம். மாரடைப்பில் எண் சில மணி நேரத்தில் ஏறி இறங்கும். நாள்பட்ட உயர்வு அப்படியே நிற்கும். அறிகுறி இல்லையென்றால் உங்கள் மருத்துவரிடம் இ.சி.ஜி.யோடு மறுபரிசோதனை கேட்பதே முதல் வேலை. சிறிய லேப்களில் ‘பாசிட்டிவ், நெகட்டிவ்’ என்று மட்டும் சொல்லும் அட்டைச் சோதனை ஆபத்துக் கணிப்புக்கு உதவாது.

## சிஸ்டாட்டின் சி

சிறுநீரகத்தின் நிலையைப் பார்க்க வழக்கமாக எடுப்பது கிரியாட்டினின். முதியவர்களின் தசை கரைவதால் அது பொய் சொல்லும். 48 கிலோ எடையுள்ள 74 வயதுக்காரருக்கு 1.0 என்று வந்தால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. அதே வேலையைச் செய்யும் சிஸ்டாட்டின் சி தசையை அவ்வளவாகச் சார்ந்ததல்ல. மெலிந்தவர்கள், கால் இழந்தவர்கள், வெகுநாள் படுக்கையில் இருப்பவர்களுக்கு எடுக்கலாம். மெட்பார்மின் அளவையும் வலி மாத்திரை வேண்டுமா என்பதையும் முடிவுசெய்ய உதவும். ஸ்டீராய்டு மாத்திரையும் தைராய்டு கோளாறும் எண்ணை மாற்றும். மற்றவர்களுக்குக் கிரியாட்டினினோடு சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் போதும். அது 30-ஐத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு மட்டுமின்றி இதயத்துக்கும் எச்சரிக்கை. ரத்தப் பரிசோதனை இல்லை என்பதாலேயோ என்னவோ இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

## ஹோமோசிஸ்டீன்

வேண்டாம். எண்ணைக் குறைக்க வைட்டமின் கொடுத்துப் பார்த்த ஹோப்-2, நார்விட் ஆகிய 2006 ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. சைவ உணவுக்காரருக்கு எண் உயர்ந்திருந்தால் பெரும்பாலும் பி12 குறைவுதான் காரணம். அதற்கு பி12-ஐயே நேராக அளக்கலாம்.

## ரத்தம் அல்லாத போட்டியாளர்: கால்சியம் ஸ்கேன்

இதயத் தமனியில் படிந்த சுண்ணத்தை ஊசி மருந்தில்லாத சி.டி. ஸ்கேனில் எண்ணுவது. ஸ்டாட்டின் போடலாமா என்று ஊசலாடும் 65 முதல் 75 வயதுக்காரருக்கு, ஐந்து ரத்தக் குறியீடுகளைச் சேர்த்து எடுப்பதைவிட இது தெளிவான பதில் தரும். பூஜ்யம் வந்தால் புகையும் சர்க்கரையும் இல்லாதவர் மாத்திரையைத் தள்ளிப்போடலாம். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கும், ஸ்டென்ட் வைத்தவருக்கும் இதனால் பயனில்லை. கதிர்வீச்சு ஏறக்குறைய 1 மில்லிசீவர்ட். நுரையீரலில் சிறு புள்ளி ஏதாவது தெரிந்து அதற்குத் தனி ஸ்கேன் தொடர்வது இதன் மறைமுகச் செலவு.

## ஒரே பார்வையில்

| பரிசோதனை | எதை நன்றாகக் கணிக்கும் | சிகிச்சை மாறுமா | எண்ணை ஆட்டுபவை | எத்தனை முறை | கட்டணம் |
|---|---|---|---|---|---|
| கொழுப்புப் பட்டியல் | மாரடைப்பு | ஆம் | நோய், எடை குறைவு, தைராய்டு | ஆண்டுக்கு ஒன்று | மிகக் குறைவு |
| அப்போ பி | மாரடைப்பு | சிலருக்கு | குறைவு | தேவைப்பட்டால் | நடுத்தரம் |
| எல்.பி. லிட்டில் ஏ | மாரடைப்பு, வால்வு சுருக்கம் | இலக்கு மாறும் | குறைவு | வாழ்நாளில் ஒன்று | நடுத்தரம் |
| ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி. | பொது ஆபத்து | அரிதாக | மிக அதிகம் | இரண்டு முறை எடுத்து ஒப்பிட வேண்டும் | குறைவு |
| என்.டி.-ப்ரோ பி.என்.பி. | இதயச் செயலிழப்பு, இறப்பு | ஆம், சர்க்கரை, பிரஷர் இருந்தால் | வயது, சிறுநீரகம், பருமன் | ஆண்டுக்கு ஒன்று | அதிகம் |
| உயர்திறன் ட்ரோபோனின் | இதய இறப்பு | தெளிவில்லை | சிறுநீரகம், கடும் உழைப்பு | மருத்துவர் சொன்னால் | அதிகம் |
| சிஸ்டாட்டின் சி | சிறுநீரகம் வழியான ஆபத்து | மருந்தளவு மாறும் | ஸ்டீராய்டு, தைராய்டு | தேவைப்பட்டால் | நடுத்தரம் |

## யாருக்கு எது

65 முதல் 75 வயது, இதயநோய் இல்லை, மாத்திரை ஏதும் இல்லை: கொழுப்புப் பட்டியல், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ1சி, கிரியாட்டினின், சிறுநீர் அல்புமின், ஒருமுறை எல்.பி. லிட்டில் ஏ. இதற்கு மேலும் முடிவெடுக்க முடியவில்லை என்றால் கால்சியம் ஸ்கேன்.

பத்தாண்டுக்கு மேல் சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்: மேலே சொன்னவற்றோடு என்.டி.-ப்ரோ பி.என்.பி. டிரைகிளிசரைடு 200-ஐத் தாண்டியிருந்தால் அப்போ பி-யும் சேர்க்கலாம்.

ஸ்டென்ட், பைபாஸ், பக்கவாதம் கண்டவர்: இவருக்கு ஆபத்து அதிகம் என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது, புதிதாகக் கணிக்க ஒன்றுமில்லை. எல்.டி.எல். இலக்குக்குள் இருக்கிறதா, மாத்திரையை விடாமல் போடுகிறாரா என்பதில் பணத்தையும் கவனத்தையும் வையுங்கள்.

எண்பதைக் கடந்து, நடை தளர்ந்து, பல மருந்துகளில் இருப்பவர்: இந்த வயதில் இதயநோய் இல்லாதவருக்குப் புதிதாக ஸ்டாட்டின் தொடங்குவதற்கான சான்று இளையவர்களுக்கு இருப்பதுபோல் வலுவானதல்ல. மூச்சிரைப்போ கால் வீக்கமோ இருந்தால் என்.டி.-ப்ரோ பி.என்.பி. நியாயம், அப்போது அது கணிப்புக்காக அல்ல, நோயைக் கண்டறிவதற்காக. நின்றபடி ரத்த அழுத்தம் அளப்பதும், தலைசுற்றிக் கீழே விழவைக்கும் மருந்து எது என்று பார்ப்பதும் அவருக்குப் பேக்கேஜைவிட அதிகம் உதவும்.

## ரத்தம் கொடுக்கும் முன்

காய்ச்சல், பல் பிடுங்கல், அறுவை சிகிச்சை நடந்து குறைந்தது மூன்று வாரம் போகட்டும். முந்தைய நாள் வழக்கத்துக்கு மீறிய தோட்ட வேலை, நெடுந்தூர நடை வேண்டாம், ட்ரோபோனின் ஏறும். முடி கொட்டாமல் இருக்க பயோட்டின் மாத்திரை போடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும்; சில கருவிகளில் அது ட்ரோபோனினைக் குறைத்துக் காட்டும். பிரஷர் மாத்திரையை ரத்தப் பரிசோதனைக்காக நிறுத்தத் தேவையில்லை. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் காத்திருக்கும்போது சர்க்கரை இறங்கிவிடக்கூடும். காலை முதல் ஆளாக ரத்தம் கொடுத்துவிட்டு உடனே சாப்பிட வேண்டும்.

அடுத்த ஆண்டும் அதே லேபில், அதே முறையில் எடுங்கள். இரண்டு அறிக்கைகளையும் அப்பா போடும் எல்லா மாத்திரை அட்டைகளோடும் ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ‘இந்த எண்ணால் எந்த மருந்து மாறுகிறது?’ என்று அவரிடம் நேராகக் கேளுங்கள்.